கடலில் நின்ற அம்புக்குறி

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. இஞ்சின் அறையில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சில வருடம் இருந்தவர், கூடப் படித்த ஒருவர் சொன்னதைக் கேட்டு மும்பைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக் கப்பல் ஏறினார். திண்டுக்கல்லில் கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் அரைநாள் போய்விடும். பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டில் சம்பளத்தைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் விசாரித்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்.

"கப்பல்ல இருந்து போன் பேச முடியுமா?"

"பேசலாம். கொஞ்சம் பின்னாடி பின்னாடி கேக்கும்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று, கல்யாணமாகி அவர் முதல் முறை கப்பலேறிய பிறகுதான் தெரிந்தது. நான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். பதில் வராது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி கேட்பேன். அந்த நேரம் பார்த்து அவருடைய முதல் பதில் வந்து சேரும். இரண்டு பேச்சும் முட்டிக்கொண்டு இருவரும் நிறுத்துவோம். நிறுத்தியது தெரியாமல் இருவரும் காத்திருப்போம். பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்குவோம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இது நல்லதல்ல. "பொங்கலுக்கு வருவீங்கல்ல?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை.

"எதுக்கு இம்புட்டு யோசிக்கிறீங்க?"

"யாரு யோசிச்சா? நீ கேட்டதே இப்பத்தான் இங்க வந்து சேந்துச்சு."

விடுமுறையில் வந்தபோது, கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கப்பலின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கூண்டு இருக்கும். டோம் என்று சொல்வார்கள். அதற்குள் ஒரு டிஷ். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் திரும்பினாலும், அந்த டிஷ் தானாகச் சுழன்று வானத்தில் ஒரே புள்ளியைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் புள்ளியில் செயற்கைக்கோள். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம். அவர் பேசுவது அங்கே ஏறி, ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் தரை நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கேபிள் வழியாக நம் ஊர் டவருக்கு வந்து என் கைக்கு வருகிறது. என் பதிலும் அதே வழியில் போக வேண்டும். "வெளிச்சம் போற வேகத்துலதான் போகுது. தூரம் அப்படி" என்றார். அதன்பிறகு பழகிக்கொண்டோம். ஒருவர் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், பிறகு சும்மா இருக்க வேண்டும். எங்கள் மகள் பேசக் கற்றதே இந்த முறையில்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். பள்ளியில் டீச்சர் கேள்வி கேட்டால் கொஞ்சம் நின்றுதான் பதில் சொல்கிறாள் என்று ஒரு புகார் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

நானும் மில்லில்தான் வேலை பார்க்கிறேன். அவர் இருந்த மில் அல்ல, அதே ரோட்டில் வேறொன்று. நூல் ஏற்றி அனுப்பும் பிரிவில் ஆபீஸ் வேலை. லாரிகள் எங்கே நிற்கின்றன, எங்கே போகின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது அதில் ஒரு பகுதி. ஒவ்வொரு லாரியிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துத் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, செல்போன் டவர் வழியாக எங்களுக்கு அனுப்பும். தாராபுரத்தில் டீ குடிக்க நின்றால்கூடத் தெரிந்துவிடும். டிரைவர்களுக்கு என் மேல் அதனால் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கப்பலையும் இப்படிப் பார்க்கலாம் என்று அவர்தான் ஒரு இணையதளத்தைக் காட்டித் தந்தார். கப்பல்கள் எல்லாம் அதில் சின்னச் சின்ன அம்புக்குறிகளாகத் தெரியும். ஆனால் கடலில் டவர் கிடையாது. கரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை கப்பல் அனுப்பும் ரேடியோ தகவலைக் கரையிலுள்ள நிலையங்கள் பிடித்துவிடும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் அதைப் பிடிக்க மேலே செயற்கைக்கோள்தான் இருக்கிறது. அதைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். நான் இலவசமாகப் பார்ப்பவள். அதனால் என் போனில் அவருடைய கப்பல், கரையை விட்டு விலகிய இடத்திலேயே நின்றுவிடும். அடுத்த துறைமுகம் நெருங்கும்போது திடீரென்று அங்கே போய் இருக்கும். நடுவில் உள்ள கடலை அது கடந்ததற்கான அடையாளமே இருக்காது.

மாமனாருக்குச் சாணார்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம், எங்கள் பேச்சில் காடு. ஒரு கிணறு. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாறி மாறிப் போடுவார், ஓரத்தில் நாலு பாத்தி கனகாம்பரம். அத்தை இறந்த பிறகு தனியாக இருக்கிறார். எங்களோடு டவுனுக்கு வரச் சொன்னால், "அங்க வந்து மொட்டை மாடியிலயா வெவசாயம் பாக்குறது?" என்பார். எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை என்பதால் மழை எனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அது வந்த விதம் இது: ஒரு வருடம் கடலைக்கொடி பிடுங்க ஆள் சொல்லியிருந்தார். வானிலைத் துறையின் இணையதளத்தில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேணாம் மாமா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். ஆளை நிறுத்திவிட்டார். மழை வந்தது. அதோடு மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் போன் வரும்.

"தாயி, படத்துல என்ன தெரியுது?"

பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் கொஞ்சம் விளங்கியது. அந்தப் படத்தை எடுக்கும் செயற்கைக்கோளும் அதே உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. நிற்கிறது என்றால், பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கிறது. அரை மணிக்கொருமுறை புதுப் படம். இருட்டிய பிறகும் வரும். ஏனென்றால் அந்தப் படம் வெளிச்சத்தை வைத்து எடுப்பதல்ல, வெப்பத்தை வைத்து எடுப்பது. எவ்வளவு உயரமான மேகமோ அவ்வளவு குளிர்ச்சி. எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு வெள்ளை. ஆனால் வெள்ளையெல்லாம் மழையில்லை. மெல்லிய மேகமும் உயரத்தில் இருந்தால் வெள்ளையாகத்தான் தெரியும். அதை நம்பி ஒருமுறை மழை வரும் என்று நான் சொல்ல, மாமா உரத்தைப் போட்டுவிட்டு நாலு நாள் வானத்தைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை மட்டும், "கட்டி வெள்ளையா, வெளிறுன வெள்ளையா?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரு கார்த்திகை மாதத்தைப் பற்றி.

அந்த வருடம் ஐப்பசி காய்ந்துபோனது. மழை எங்கெங்கோ பெய்தது, சிறுமலைக்கு அந்தப் பக்கமெல்லாம் பெய்தது, மாமாவின் காட்டுக்கு வரவில்லை. கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே காற்று வாங்கியது. வெங்காயம் தாள் விட்டு நின்றது. அப்போது வங்கக் கடலின் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானது. செய்தியில் வருவதற்கு முன்பே மாமாவிடமிருந்து போன் வந்துவிட்டது. காற்று மாறியிருக்கிறது என்றார்.

அதே வாரம் என் கணவரின் கப்பல் இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஒடிசாப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றுக்குப் புறப்பட்டிருந்தது. சுமத்ராவின் வடக்கு முனையைத் தாண்டும் சமயத்தில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "இனிமே கரை கெடையாது. டோமு வழியாத்தான் நெட்டு. முடிஞ்சப்ப பேசுறேன். பாப்பா பரீட்சைக்குப் படிக்குதா?" நான், படிக்கிறாள் என்று அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவேயில்லை.

அடுத்த நாள் அந்தத் தாழ்வு வலுப்பெற்றது. அதற்கடுத்த நாள் புயலாகும் என்றார்கள். மில்லில் என் திரையில் ஒரு பக்கம் லாரிகள் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் மேகப் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்தமானுக்கும் நமக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சுருள். ஓரங்களில் வால் மாதிரி நீண்டு சுழன்றது. இன்னொரு ஜன்னலில் கப்பல் படம். அதில் அவருடைய அம்புக்குறி சுமத்ராவின் முனையிலேயே நின்றது. அது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். வடக்கு வடமேற்காகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டால், அது அந்தச் சுருளுக்குள்தான் போய் முடிந்தது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இது திருச்சி ரோட்டுப் பக்கம் வருமா மேடம்? லாரிய நிறுத்தணுமான்னு பாக்குறேன்."

"டெல்டாவுல ஏறி இந்தப் பக்கந்தான் வரும்னு போட்டிருக்காங்க சார்."

"வரட்டும். ஒங்க மாமனார் ஊர்லயெல்லாம் தண்ணி இல்லைன்னீங்களே" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆபீஸில் யாருக்கும் நான் கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துச் சொல்லாமல் இருந்ததல்ல. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நிற்கும் அம்புக்குறியும் ஒற்றை டிக்கும்தான்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

"தாயி, வருதா?"

"வருது மாமா."

"எங்க நிக்கிது?"

"அந்தமானுக்கு இங்கிட்டு."

"கட்டி வெள்ளையா?"

"நல்ல கட்டி. நடுவுல செவப்பு கலர் போட்டுக் காட்டுறாங்க. அங்கதான் மேகம் ரொம்ப ஒசரமாம்."

"வேகமா வருதா?"

"மெதுவாத்தான் வருது."

"வரட்டும், வரட்டும். வழியில எங்கயும் ஊத்தாம இங்க வந்து ஊத்தட்டும்."

"சரி மாமா" என்றேன். மகன் எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. கப்பலில் இருக்கிறான் என்பதோடு அவருக்குச் சரி.

மறுநாள் மும்பையிலிருக்கும் கம்பெனி ஆபீஸுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை. எடுத்தவருக்கு என் ஆங்கிலமும் எனக்கு அவருடைய ஆங்கிலமும் சரியாகப் பிடிபடவில்லை. கப்பலின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கப்பலுக்கும் வானிலைப் படங்கள் போய்க்கொண்டுதான் இருக்கும், கேப்டன் பார்த்துக்கொள்வார், விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அன்று கூப்பிடவில்லை.

புயல் கரையைக் கடந்த அன்று பள்ளிக்கு விடுமுறை. மில் வேனும் வரவில்லை. எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் அபாயச் சத்தத்தோடு எச்சரிக்கைச் செய்தி வந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி, மதியத்துக்கு மேல் வெளியே எதிர்வீடு தெரியாத மழை. நாகல்நகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் மகளும் கீழே வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வலுத்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சிக்னல் இல்லை என்ற எழுத்து வந்தது. வீட்டுக்காரர் எழுந்து பெட்டியைத் தட்டினார்.

"அது பொட்டி கோளாறு இல்ல. மழைத் தண்ணிதான் சிக்னலக் குடிச்சிருது" என்று என் மகள் சொன்னாள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது.

எனக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. மொட்டை மாடியில் அசையாமல் நிற்கும் டிஷ்ஷுக்கே இந்த மழையில் வானம் தெரியவில்லை என்றால், ஆடும் கப்பலில் இருக்கும் டோமுக்கு எப்படித் தெரியும்? பேச்சு வராததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே காரணமாகவும் இருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. பொழுது சாய்வதற்குள் டவரும் போனது. அதன் பேட்டரி தீர்ந்திருக்கும். மேகப் படமும் இல்லை, கப்பல் படமும் இல்லை. மகளுக்கு உருளைக்கிழங்கு வெஞ்சனம் வைத்துச் சாதம் போட்டேன். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் சோறு ஆறிப்போனது.

மறுநாள் மழை தூறலாகக் குறைந்திருந்தது. போன் இன்னும் செத்துத்தான் கிடந்தது. மாமாவின் ஓட்டு வீடு என்ன ஆனதோ தெரியவில்லை. மகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏற்றிய போனோடு நத்தம் பஸ் ஏறினேன். ரோட்டில் புளியங்கிளைகளை வெட்டி ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாணார்பட்டியில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓடைத் தண்ணீர் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். மீதியை நடந்தேன்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. மாமா காட்டில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டபடி, மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். வெங்காயப் பாத்திகள் எல்லாம் ஒரே குளமாகக் கிடந்தன. தாள்களின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன தாயி, இந்தத் தண்ணியில வந்திருக்க? பாப்பா எங்க?"

"கீழ்வீட்ல இருக்கா மாமா. போன் போகல, அதான் பாக்க வந்தேன்."

"கெணத்தப் போயிப் பாரு. ரெண்டு படி மிச்சம், அம்புட்டுத்தான். எத்தனை வருசமாச்சு இப்படிப் பாத்து." சிரித்தார். பிறகு மண்வெட்டியின் முனையால் பாத்தியைக் காட்டினார். "இது போச்சு. வெங்காயத்துக்கு இம்புட்டுத் தண்ணி ஆகாது. இன்னைக்கே வடிஞ்சா பாதி மிஞ்சும்."

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வெட்டிய வாய்க்காலில் வந்து அடைத்துக்கொண்ட புல்லையும் மட்டையையும் கையால் அள்ளிக் கரையில் போட்டேன். வரப்பில் வைத்திருந்த என் பையிலிருந்து போன் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு விடாமல். எங்கேயோ ஒரு டவருக்கு உயிர் வந்துவிட்டது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக விழுந்திருந்தன.

"யாரு, அவனா? நல்லா சத்தமா வையி" என்றார் மாமா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் கேட்பார். நானும் யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

"ஏ புள்ள, இப்பத்தான் நெட்டு வந்துச்சு. டோமு வேலை செய்யாமப் போச்சு. ஆட்டத்துல அதோட மோட்டாரு நின்னுருச்சு, இன்னைக்குத்தான் சரி பண்ணுனோம். புயலு எங்களுக்கு நேர் முன்னாடி வந்து நின்னுச்சாம். கேப்டன் படத்தப் பாத்துட்டுக் கப்பல தெக்கால திருப்பிட்டாரு, இலங்கைக்குக் கீழ போயிச் சுத்திக்கிட்டு இருந்தோம். எல்லாரும் நல்லாருக்கோம். சமையக்காரருக்குத்தான் கையில அடி. நீ பயந்திருப்ப. போன் எடு."

அடுத்தது.

"ஏன் ரிங்கே போகல? புயலு திண்டுக்கல்லுக்கு மேலதான் போகுதுன்னு இங்க படத்துல தெரியுது. பாப்பா எங்க இருக்கு? அப்பா எங்க? யாராவது ஒரு வார்த்த பேசுங்க."

அதற்கடுத்ததில் பேச்சு இல்லை. இஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. பேசத் தொடங்கி, நிறுத்தி, அப்படியே அனுப்பியிருக்க வேண்டும்.

மாமா மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றி அதன் மேல் கை வைத்து நின்றார்.

"அவன் அங்கனதான் இருந்தானா?"

"ஆமா மாமா."

"நான் வரட்டும் வரட்டும்னு சொன்னனே, அப்பவுமா?"

"ஆமா."

"ஏன் தாயி சொல்லல?"

"சொல்லி என்ன மாமா செய்யிறது? எனக்கே எங்க இருக்காருன்னு சரியாத் தெரியல. நம்ம சொன்னாலும் சொல்லாட்டியும் அது வர்ற எடத்துக்குத்தான் வரப்போகுது."

அவர் குனிந்து வாய்க்காலில் அடைத்திருந்த ஒரு மட்டையை எடுத்துக் கரையில் போட்டார். தூறல் அவர் முதுகுச் சாக்கில் விழும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருந்தாலும் எனக்கு மழை வேணும்னுதான் தாயி இருந்திருக்கும். பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒங்கிட்ட கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கால் சேற்றில் புதைந்து குளிர்ந்துபோயிருந்தது. அந்தக் குளிர்தான் இன்று வரை நினைவிருக்கிறது. போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "நீங்களே பேசி அனுப்புங்க மாமா. நான் பேசுனா நம்ப மாட்டாரு" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஏலே, அப்பா பேசுறேன். நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். பாப்பா டவுன்ல இருக்கு. ஒம் பொண்டாட்டி இங்கதான் எங்கூட நிக்கிது. வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. மழை நல்ல மழை. கெணறு நெறஞ்சிருச்சு." நிறுத்தினார். நான் விரலை எடுக்கலாமா என்று பார்த்தேன். கையால் பொறு என்று காட்டினார். "வெங்காயம் நல்லாருக்கு. நீ பாத்து இருந்துக்க."

அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. மாமா மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். பொழுது இறங்கும்வரை தண்ணீர் வடிந்தது.

வெங்காயம் பாதிகூட மிஞ்சவில்லை. வடிந்த பிறகு அடித்த வெயிலில் தாள் மஞ்சளாகி, பிடுங்கிப் பார்த்தால் அடி அழுகியிருந்தது. மாமா காட்டை உழுதுவிட்டு மக்காச்சோளம் போட்டார். கிணற்றுத் தண்ணீர் அதற்குப் போதுமானதாக இருந்தது. மும்பையிலிருந்து அந்த ஆள் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, கப்பல் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார். இடையில் முயன்றாராம், என் நம்பர் கிடைக்கவில்லையாம். அது உண்மையாகத்தான் இருக்கும். நன்றி சொன்னேன். அந்த வாரக் கடைசியில் மில்லில் உட்கார்ந்திருந்தபோது அம்புக்குறி ஒடிசாக் கரையோரம் போய் இருந்தது. அதே நேரத்தில் எங்கள் லாரி ஒன்று பல்லடத்தில் டயர் வெடித்து நின்றது. அந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதன்பிறகு மாமா என்னிடம் மழை கேட்பதை விட்டுவிட்டார். விவசாயிகளுக்கு வரும் வானிலைக் குறுஞ்செய்திக்குத் தன் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர் படித்துச் சொல்வாராம். என்னைக் கூப்பிட்டால் பாப்பாவைப் பற்றிக் கேட்பார், பிறகு, "அவன் இப்ப எந்தக் கடல்ல இருக்கான்?" என்று கேட்பார். நான் சொல்லும் பெயர்கள் அவருக்குப் புரியாது. இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

சித்திரையில் என் கணவர் ஊருக்கு வந்தார். முதல் நாள் முழுக்கத் தூங்கினார். மறுநாள் எல்லோரும் காட்டுக்குப் போனோம். கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. மோட்டாரின் அடி வால்வு சேற்றில் சிக்கி அடைத்துக்கொண்டதால் குழாயை மேலே இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. அப்பாவும் மகனும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் குழாயைக் கிணற்று மேட்டில் கிடத்தினார்கள். அவர் வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புயல் எப்பிடிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நான் எங்க பாத்தேன்? இஞ்சின் ரூம்புல ஜன்னலே கெடையாது. தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கும். டீ டம்ளரு சாயுறத வெச்சுத்தான் எந்தப் பக்கம் அலை அடிக்குதுன்னு தெரியும். மேல வந்து பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு வெயில் அடிக்குது." வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் முழுசாப் பாத்த. அந்தப் படம் வெச்சிருக்கியா?"

"இல்ல. வெச்சுக்கல."

"நல்லா இருந்திருக்கும், பாக்க" என்றார். மாமா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "வெயில் ஏறுது, சீக்கிரம் மாட்டுடா. மக்காச்சோளம் காயுது" என்றார். வால்வை மாட்டி, குழாயை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினார்கள். மகள் மேட்டில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குரல் கொடுத்தாள்.